கிரிக்கெட்டை முதல் முறை மைதானத்தில் போய்ப் பார்த்த அனுபவம் எப்படி இருந்தது? டிவியில் தெரியாதது அங்கே என்ன தெரியும்?

நான் முதன்முதலில் நேரில் பார்த்தது ஒரு பகலிரவு ஒருநாள் போட்டி. அன்று என்னை அதிகம் ஈர்த்தது சிக்ஸரும் இல்லை, விக்கெட்டும் இல்லை. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே மைதானம் முழுக்க நடக்கிற வேலைதான்.

டிவி அந்த நேரத்தில் ரீப்ளே காட்டும், இல்லையென்றால் பேட்ஸ்மேனின் முகத்தைக் காட்டும். நேரில் பார்த்தால், கேப்டன் சத்தமே இல்லாமல் கையை அசைத்து கவர் என்ற இடத்தில் நிற்பவரை நாலடி தள்ளி நிற்க வைக்கிறார். பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்கியதும், விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நிற்பவர்களைத் தவிர ஏறக்குறைய எல்லா ஃபீல்டர்களும் சில அடிகள் உள்ளே நடந்து வருகிறார்கள். நின்ற இடத்திலிருந்து பாய்வதைவிட, நடையில் இருக்கும்போது பாய்வது சுலபம் அல்லவா, அதற்காக. பந்து தங்கள் பக்கம் வந்தாலும் வராவிட்டாலும் இதைச் செய்கிறார்கள். 50 ஓவர் என்றால் 300 பந்து! தொலைவில், எல்லைக் கோட்டருகே டீப் பாயின்ட்டில் நிற்பவருக்கு ஒரு மணி நேரமாகப் பந்தே வந்திருக்காது. அவரும் ஒவ்வொரு பந்துக்கும் நடந்து வந்துகொண்டே இருந்தார். அவர்மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் போட்டியில் முதல் 10 ஓவர்களுக்கு, பிட்ச்சைச் சுற்றியுள்ள 30 கஜ உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம், 11வது ஓவரிலிருந்து நாலு பேர், கடைசி 10 ஓவர்களில் ஐந்து பேர். இந்த விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் 11வது ஓவர் தொடங்கும் முன் இரண்டு பேர் எல்லைக் கோட்டை நோக்கி ஓடியதையும், அதுவரை தூக்கி அடித்துக்கொண்டிருந்த பேட்ஸ்மேன் அடுத்த பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஒரு ரன்னோடு திருப்திப்பட்டதையும் ஒரே பார்வையில் பார்த்தபோதுதான் அந்த விதியின் முழு வேலையும் எனக்குப் பிடிபட்டது. அதேபோல ஒரு வலது கை, ஒரு இடது கை ஆட்டக்காரர் ஜோடி சேர்ந்தால், ஒவ்வொரு ஒற்றை ரன்னுக்கும் மொத்த ஃபீல்டிங்கும் இடம் மாற வேண்டும். ஒரு ரன் எடுப்பதில் எதிரணிக்கு இவ்வளவு தொல்லை இருக்கிறது என்பது நேரில்தான் தெரியும்.

அடுத்தது தூரம். டிவியில் நாம் பார்ப்பது பந்துவீச்சாளருக்குப் பின்னால், வெகு தொலைவில் இருக்கும் கேமராவின் பார்வை. நீளமான லென்ஸ் தூரத்தைச் சுருக்கிவிடும். அதனால் விக்கெட் கீப்பர் ஸ்டம்புக்குக் கொஞ்சம் பின்னால் நிற்பதுபோலத் தோன்றும். நேரில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், வேகப்பந்துக்கு அவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று! கிட்டத்தட்ட இன்னொரு பிட்ச் அளவு தூரம். அங்கேயும் பந்து அவர் மார்பு உயரத்துக்குப் போகிறது. 140 கிலோமீட்டர் வேகப் பந்து பேட்ஸ்மேனை அடைய ஏறக்குறைய அரை விநாடிதான் ஆகும் என்று படித்திருப்போம். பக்கவாட்டு இருக்கையில்தான் அதை நம்ப முடிகிறது.

சத்தமும் அப்படித்தான். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பிட்ச்சிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், மட்டை பந்தில் படுவதைப் பார்த்த பிறகு, கால் விநாடிக்குச் சற்று அதிகமாகக் கழித்துத்தான் 'டக்' என்று கேட்கும். இரண்டு மூன்று ஓவருக்குள் காதும் கண்ணும் பழகிவிடும்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பந்து மேலே எழும்பினால் பந்தைத் தேடாதீர்கள், ஃபீல்டரைப் பாருங்கள். வெளிச்ச விளக்குகளுக்கு நடுவே பந்து காணாமல் போகும், அது எவ்வளவு தூரம் போகும் என்று கூட்டத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆனால் எல்லோரும் கத்துவார்கள். ஃபீல்டர் பின்னால் ஓடிப்போய் நின்று கையைக் குவித்தால் கேட்ச். ஓடுவதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தால் சிக்ஸர். அதேபோல இரண்டாவது ரன்னுக்கு ஓடும்போது பந்தை எடுப்பவர், ஓடும் இருவர், ஸ்டம்பருகே காத்திருப்பவர் எல்லோரையும் சேர்த்துப் பார்க்க முடிகிற இடம் மைதானம் மட்டும்தான்.

இருக்கை விஷயம். எல்லைக் கோட்டை ஒட்டிய வரிசை எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். வீரர்கள் அருகில் தெரிவார்கள், உண்மைதான். ஆனால் அவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து ஃபீல்டிங் அமைப்பு புரியாது, எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பதுபோல இருக்கும். மேல் அடுக்கே நல்லது. பந்து ஸ்விங் ஆவதும் (காற்றில் வளைவதும்) திரும்புவதும் தெரிய வேண்டுமென்றால், பந்துவீச்சாளருக்குப் பின்னால் சைட் ஸ்கிரீன் என்ற பெரிய பலகை இருக்கும் முனைப் பக்கம், வேகமும் எழும்பலும் தெரிய வேண்டுமென்றால் பக்கவாட்டு. எல்.பி.டபிள்யூ (ஸ்டம்பில் படப்போகும் பந்தைக் காலால் தடுத்து அவுட் ஆவது) மட்டும் பக்கவாட்டிலிருந்து எவராலும் சொல்ல முடியாது, பெரிய திரைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். கைப்பேசியில் நேரலையை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அது மைதானத்தில் நடப்பதைவிடத் தாமதமாகத்தான் ஓடும், நீங்கள் பார்த்துவிட்ட விக்கெட்டை அப்புறம்தான் காட்டும்.

டாஸ் பெரும்பாலும் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் நடக்கும். அதற்கும் முன்பே போய்விடுங்கள். பந்துவீச்சாளர்கள் காலடி எண்ணி ஓட்டத் தூரத்தைக் குறிப்பது, உயரமான கேட்ச்களை வரிசையாகப் பிடித்துப் பழகுவது, இதெல்லாம் டிவியில் அநேகமாக வராது.

எந்த வகை ஆட்டத்துக்குப் போகலாம் என்று கேட்டால், டி20யைவிட ஒருநாள் போட்டியோ டெஸ்ட்டின் ஒரு நாளோ நல்லது என்பேன். டி20யில் ஆரவாரம் அதிகம், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு கேப்டன் திட்டம் போட்டு, அது பலிக்காமல் மாற்றி, மறுபடி முயல்வதைப் பார்க்க நேரம் வேண்டும். டெஸ்ட்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர் கிடைக்கிறது.