ரெண்டாம் சந்திப்புக்கு ஆர் காசு தாறது?

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலைப் பிள்ளை. இப்ப ஒஹாயோவில ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில மானுடவியல் படிப்பிக்கிறன். இங்க சில கல்லூரிகள் சேந்த கூட்டமைப்பு ஒண்டு, ஆசிரியர்கள் கூடி வேர்க்‌ஷொப் நடத்த காசு குடுக்குது. ஒரு கல்லூரி தனியக் கேக்க ஏலாது, மூண்டு கல்லூரி ஆக்களாவது சேந்து எழுதோணும். இந்தமுறை எங்களுக்குக் கிடைச்சது. இதே மாதிரி கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட திருகோணமலை வளாகம், வந்தாறுமூலை வளாகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மூண்டையும் சேத்து ஊரில ஒண்டு செய்ய ஆசை. ஆரிட்ட விண்ணப்பிக்கலாம்? சூமில நடத்தினா காணாதா? உண்மையில மனமிருந்தா காசில்லாமலே செய்யலாம்தானே? ஒரு பட்ஜெட் போட்டு இணைச்சிருக்கிறன், பாருங்கோ. வெளியில இருந்து வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறாள் எண்டு அங்க உள்ளவை நினைப்பினமோ எண்டும் பயமா இருக்கு.

அன்புள்ள தங்கச்சி,

கடைசிப் பயத்தை முதல்ல முடிப்பம். நினைப்பினம்தான், நினைக்கட்டும். ரெண்டு நாள் பக்கத்தில இருந்து அவையின்ட கஷ்டத்தைக் கேட்டீர் எண்டா அந்தக் கதை தானா நிண்டுபோகும். சூம் காணாது. அதுக்கு மேல அதைப்பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனா "மனமிருந்தா காசில்லாமலே செய்யலாம்தானே" எண்டு ஒரு வரி எழுதியிருக்கிறீர், அதை வாசிச்ச நேரம் தொட்டு எனக்குள்ள ஒரு கொதி. இந்த ஊரில நல்ல வேலை எத்தனையோ இந்த ஒரு வசனத்தால செத்துப் போயிருக்கு, அதை நீரும் சொல்லலாமோ?

நீர் இருக்கிற இடத்தின்ட கதையையே பாரும். அந்தச் சின்னக் கல்லூரிகள் மனசு நிறைஞ்சு வழிஞ்சு ஒண்டு சேரேல்லை. ஒரு துறையில ரெண்டு பேர், மூண்டு பேர்தான், அரபு படிப்பிக்க ஒராள், புவிச்சரிதவியலுக்கு ஒராள், தான் போட்ட பாடத்திட்டத்தை வாசிச்சு இது சரிவராது எண்டு சொல்ல பக்கத்து அறையில ஒருத்தரும் இல்லை, புதுசா ஆள் எடுக்கவும் காசில்லை. அந்தத் தனிமை தாங்காமத்தான் 1958இல மிட்வெஸ்ட் கல்லூரிகள் சங்கமாச் சேந்தவை, 1962இல உம்மட ஒஹாயோ, மிச்சிகன், இந்தியானா பக்கத்துக் கல்லூரிகள் கிரேட் லேக்ஸ் சங்கம் எண்டு சேந்தவை. மசாசூசெட்ஸில அம்ஹெர்ஸ்ட், ஸ்மித் எல்லாம் சேந்த ஃபைவ் கொலேஜஸ் கூட்டில ஒரு வளாகத்துப் பிள்ளை மற்ற வளாகத்தில போய்ப் படிக்க பஸ்ஸே விட்டவை. மெலன் மாதிரி அறக்கட்டளைகள் இப்பிடியான கூட்டுகளுக்குக் கனகாலமா காசு குடுத்தது. மனம் எல்லாருக்கும் இருந்திருக்கும். அந்த மனத்தை விழாமத் தாங்கினது காசும் பஸ்ஸும்தான்.

இங்க என்ன நடந்தது எண்டு சொல்றன். நான் ஏஎல் படிக்கேக்க எங்கட பள்ளிக்கூடத்தில புவியியலுக்கு ஒரேயொரு சேர். கிண்ணியாவில ஒராள், மூதூரில ஒராள், அவையும் அவையின்ட பள்ளிக்கூடத்தில தனி ஆக்கள்தான். தவணைச் சோதனை முடிய ஒரு சனிக்கிழமை மூண்டு பேரும் உவர்மலையில எங்கட சேரின்ட விறாந்தையில கூடுவினம். கிண்ணியாப் பாலம் 2009இலதான் திறந்தது, அப்ப கிண்ணியா சேர் பாதைக்கு, அதான் ஃபெரிக்கு, காத்து நிண்டு வருவார், மூதூர் சேர் லோஞ்சில வருவார். ஒராளின்ட பிள்ளையளின்ட விடைத்தாளை மற்றாள் பென்சிலால திருத்துவார். கட்டுத் தூக்குற வேலை எனக்கு.

ஒருக்கா, கிழக்குக் கரைக்கு ஏன் மார்கழியில மழை எண்டு கேள்வி. எங்கட வகுப்புப் பெடியன் ஒருத்தன் இலங்கைப் படம் கீறி, வங்காள விரிகுடாப் பக்கத்தால வடகீழ்க் காத்துக்கு அம்புக்குறி போட்டு, நடுவில மலைநாட்டைக் காட்டி, கீழ ரெண்டே ரெண்டு வரி எழுதியிருந்தான். எங்கட சேர் 20க்கு 7 போட்டிருந்தார். மூதூர் சேர் பக்கத்தில பென்சிலால 14 போட்டார். அதில தொடங்கின சண்டை, தேத்தண்ணி ஆறி ஆடை படிஞ்சும் முடியேல்லை. "இவன்ட படத்திலயே முழு விடையும் கிடக்கு, நீங்க வரியை எண்ணிப் போட்டிருக்கிறீங்க" எண்டு மூதூர் சேர் தாளைத் தூக்கிக் காட்டினது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அடுத்த கிழமை சேர் வகுப்புக்கு வந்து, நோட்ஸ் சொல்ல முதல் "படத்தைக் கீறுங்கோ" எண்டார். அதுக்கு முதல் ஒருநாளும் கேட்டதில்லை.

நீங்கள் கூடிச் செய்யப் பாக்கிற ஃபக்கல்டி டிவெலப்மென்ட், ஆசிரியர் தங்களை வளர்த்துக்கொள்ளுறது, இதுதான் தங்கச்சி. தன்ட பாடத்தை விளங்கின இன்னொராள் தன்ட திருத்தலைப் பாத்து ஏன் எண்டு கேட்கிறது.

அது நிலைக்கேல்லை. ஒருத்தருக்கும் மனம் குறையேல்லை, ஒருத்தரும் கோவிச்சதும் இல்லை. லோஞ்ச் காசு, சனிக்கிழமை டியூஷனை விட்டா போற வருமானம், வீட்டில சின்னப் பிள்ளையள். மூதூர் சேர் ஒரு தவணை வரேல்லை, அடுத்த தவணையும் வரேல்லை. பேந்து கிண்ணியா சேருக்கு இடமாற்றம். அந்த மூண்டு பேரின்ட பயணக் காசை ஆராவது குடுத்திருந்தா, போனவரின்ட இடத்துக்கு வாறவரைக் கூப்பிட ஒரு ஒழுங்கு இருந்திருந்தா, இந்த மாவட்டத்தில எத்தனை பிள்ளையளின்ட ரிசல்ட் மாறியிருக்கும். காசில்லாமச் செய்யலாம், ஒருக்காச் செய்யலாம். ரெண்டாந்தரம் ஏலாது.

இப்ப உம்மட பட்ஜெட். முதல் வரி நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல் மண்டபம். ரெண்டாவது வெளிநாட்டுப் பேச்சாளருக்கு டிக்கெட். மூண்டாவது பைல், பேக், பேனர். எல்லாத்துக்கும் கீழ ஒரு சின்னத் தொகை, "போக்குவரத்து". தங்கச்சி, இதைப் பாத்து எனக்கு அழுகையே வந்தது. கோணேசபுரியில வளாகத்துக்கு ஒரு வகுப்பறை இல்லையா? மண்டபத்தை வெட்டும், பேச்சாளரை வெட்டும், பேனரை வெட்டும். யாழ்ப்பாணத்தில இருந்தும் வந்தாறுமூலையில இருந்தும் வாறவைக்கு வான் காசு போடும், ரெண்டு ராத்திரி தங்கப் போடும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வாய் திறப்பினம். குழந்தை உள்ள விரிவுரையாளர் பிள்ளையைப் பாக்கத் தன்ட அம்மாவையும் கூட்டி வந்தா அந்த அம்மாவின்ட செலவையும் போடும். பிறகு அதே ஆக்கள் ஆறு மாசத்தில திரும்பக் கூடவும், அதுக்கு அடுத்த ஆறு மாசத்தில கூடவும் இப்பவே எழுதும். அந்த வரி இல்லாட்டி முழு விண்ணப்பமும் வீண்.

இங்க காசு வராம இல்லை. 2017இல உலக வங்கிக் கடனில அஹெட் எண்டு உயர்கல்விக்கு 10 கோடி டொலர் திட்டம் தொடங்கினது, நல்லதும் நடந்ததுதான். ஆனா பீடம் பீடமா, துறை துறையாப் போட்டி போட்டு எடுக்கிற மானியம் எண்டா பக்கத்து வளாகத்துக்காரர் போட்டிக்காரராகத்தானே வருவார்? புது விரிவுரையாளருக்கு ஸ்டாஃப் டிவெலப்மென்ட் சென்டரில கோர்ஸ் இருக்கு, அதை முடிச்சு வேலை நிரந்தரமானா பேந்து ஒருத்தரும் அவரின்ட வகுப்புக்குள்ள எட்டிப் பாக்கிறதில்லை. உம்மட கூட்டமைப்பு போட்ட அந்த நிபந்தனை, தனியக் கேக்க ஏலாது எண்டது, அதைத்தான் இங்க கொண்டுவரோணும். டொலரை விட அது பெரிசு.

ஆரிட்ட விண்ணப்பிக்கிறது எண்டு கேட்டீர் என்ன. அதுக்கு முதல் மூண்டு வளாகத்திலயும் உம்மட பாடத்தில தனிய நிக்கிற மூண்டு பேரைத் தேடிப் பிடியும், பேர் கையில வந்தா கதவு தட்ட நானும் கூட வாறன். பட்ஜெட்டைத் திரும்ப எழுதி, அனுப்ப முதல் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு ஒருக்கா அனுப்பும்.

அன்புடன்
அண்ணா