சம்பள வேலையை விட்டு சைட் கமிஷனுக்குப் போகலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கங்கண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 34. கைக்கு 41,000 வருகிறது. வீட்டு லோன் தவணையையும் சேர்த்து மாதச் செலவு 38,000. பெருமாநல்லூர் பக்கம் சைட் (வீட்டு மனை) பிரித்து விற்கும் ஒருவர், "வேலைய விட்டுட்டு வாங்க தம்பி, சைட்டுக்கு 40,000 தர்றேன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலரைக் கூட்டிப்போனேன், ஒருவர் வாங்கியும் விட்டார். வீட்டில் பயப்படுகிறார்கள். பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாங்களா?

– பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். கையில் காசோடு இந்தத் தொழிலுக்கு வருபவரை அட்வான்ஸ் போட்டுக் கைமாற்றும் ஆசை சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். பூமிக்காரருக்கு இரண்டு மூன்று லட்சம் கொடுத்துத் தன் பேரில் அக்ரிமெண்ட் போடுவார்கள். கெடுவுக்குள் வேறு பார்ட்டி பிடித்து மேல்விலைக்குத் தள்ளிவிடலாம் என்பது கணக்கு. பார்ட்டி சிக்காவிட்டால் அட்வான்ஸ் போச்சு. தரகு வேலைக்கு வண்டியும் போனும் போதும், முதல் தேவையில்லை. முதல் போட்டால் அது வியாபாரம், அதற்கு வேறு நெஞ்சுரம் வேண்டும்.

அடுத்து அந்த 40,000. வீட்டுச் செலவு 38,000, பெட்ரோல், போன், டீச் செலவு 7,000 என்று வைத்தால் மாதம் 45,000, வருடத்துக்கு 5,40,000. முழுக் கமிஷனும் உங்களுக்கே வந்தால் 14 சைட் விற்க வேண்டும். ஆனால் முழுசாக வராது. வாங்குபவரை உங்களிடம் கூட்டி வருவதே இன்னொரு தரகராக இருப்பார். அவருக்குப் பாதி போனால் 27 சைட். அதையும் பத்து மாதத்தில் முடிக்க வேண்டும், ஏனென்றால் ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கிரயத்துக்கு யாரும் கிளம்பமாட்டார்கள். அறிமுகக்காரர் ஒருவர் வாங்கியதை வைத்து இந்த வேகத்தைக் கணக்குப் போடாதீர்கள். சொந்தபந்தம், கம்பெனி நண்பர்கள் எல்லாம் முதல் ஆறு மாதத்திலேயே தீர்ந்துவிடுவார்கள்.

பணம் எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். இடம் காட்டி, விலை பேசி, அக்ரிமெண்ட் போட்டு, வாங்குபவருக்கு பேங்க் லோன் கிடைத்து, கிரயம் நடக்கும் நாளில்தான் கமிஷன் கைக்கு வரும். இன்று பேச்சு தொடங்கினால் காசைப் பார்க்க நான்கைந்து மாதம் ஆகலாம். ஆகவே ஒன்பது மாத வீட்டுச் செலவு, அதாவது 3,42,000 ரூபாய், பி.எஃப். தவிர்த்துத் தனியாக பேங்கில் இருந்தால்தான் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

சைட் போட்டவருக்கு நீங்கள் ஆள் பிடித்துத் தருபவர், அவ்வளவுதான். அந்த லேஅவுட் விற்றுத் தீர்ந்ததும் உங்கள் வேலையும் தீர்ந்தது. நிலைத்து நிற்கும் தரகர்கள் ஒரு வட்டத்து பூமி, தோட்டம், மறுவிற்பனை வீடுகளைக் கையில் வைத்திருப்பவர்கள். பேக்கரி வாசலில் டீ குடித்தபடி விலை சொல்ல எல்லோராலும் முடியும். பத்திரம் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அங்கேதான் உங்களுக்கு இடம் இருக்கிறது.

ஒரு தோட்டம் விலைக்கு வருகிறது என்று வையுங்கள். பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), தாய்ப்பத்திரம் (முந்தைய மூலப் பத்திரம்), குறைந்தது 30 வருட வில்லங்கம் எல்லாவற்றையும் எடுங்கள். பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளையும் அளவையும் புலப்படத்தோடு பொருத்துங்கள். உட்பிரிவு ஆகாமல் பலர் பேரில் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தால் அங்கேயே மூன்று மாதம் போகும். கிணற்றில் எத்தனை பங்கு, கரண்ட் சர்வீஸ் யார் பேரில், தடம் (போய்வரும் பாதை) எத்தனை அடி என்று பாருங்கள். தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, பக்கத்துக் காட்டுக்காரர் வாய்வார்த்தையில் விட்டதா என்பது முக்கியம். வாய்வார்த்தைத் தடம் விற்பனை அன்றைக்கே அடைபடும்.

வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டுமே தெரியும். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய அக்ரிமெண்டைப் பதிவு செய்வது கட்டாயம், ஆனாலும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதோடு நிறுத்துபவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட அக்ரிமெண்ட் வில்லங்கச் சான்றில் வராது. வாரிசுகள் யார் யார் என்பதும் அதில் தெரியாது. நம் ஊரில் கிரயம் நின்றுபோவதற்குப் பெரிய காரணமே இதுதான். "தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்று அண்ணன் சொல்வார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அந்தத் தங்கை, தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே தங்கையைப் பார்த்துப் பேசாத தரகர், நாலு மாத உழைப்பைப் பந்தயம் கட்டுகிறார்.

மனையென்றால் அங்கீகாரத்தைப் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனையாக 20.10.2016-க்குப் பிறகு முதன்முதலாகப் பிரித்து விற்கப் பார்த்தால் பத்திரம் பதிவாகாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டும். அதில் சைட் விற்கும் தரகரும் தன் பேரில் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. உங்களைக் கூப்பிடுபவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், அதுவே ஒரு தகவல்தான்.

கமிஷன் பேச்சை இடம் காட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இரு தரப்பிலும் தலா 2 சதவீதம் என்பது பரவலான வழக்கம். யார் எவ்வளவு, எந்த நாளில் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி, "சரி" என்று பதில் வாங்குங்கள். முகூர்த்த நாளில் பதிவு அலுவலகக் கூட்டத்துக்குள் நின்று கமிஷன் கேட்பது போன்ற சங்கடம் வேறில்லை. பாதியை அக்ரிமெண்ட் அன்றைக்கே கேட்கலாம், தருகிறவர்கள் இருக்கிறார்கள். பூமிக்காரர் விலைக்கு மேல் வைத்து விற்று மிச்சத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். வாங்குபவரும் விற்பவரும் சார்பதிவாளர் முன் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது குட்டு உடையும், அடுத்த பார்ட்டி வராது.

வரி விஷயம் சுருக்கமாக. தரகு வருமானத்துக்கு, சிறு வியாபாரிகள் கணக்குப் புத்தகம் இல்லாமல் காட்டும் உத்தேச லாப முறை பொருந்தாது. பெட்ரோல் ரசீதிலிருந்து எல்லாவற்றையும் வையுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு உண்டு.

விலகுவதற்கு முன் இரண்டு வேலை. கம்பெனி மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு நின்றுவிடும். தனிப் பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்து தவிர வேறெதற்கும் கிடைக்காது, ஆகவே முன்பே எடுங்கள். கார் லோனோ, வீட்டு லோன் மேல் கூடுதல் கடனோ (டாப்-அப்) தேவையென்றால் சம்பளச் சீட்டு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பிறகு பேங்க்காரர் இரண்டு மூன்று வருட வருமானவரித் தாக்கல் கேட்பார்.

இப்போதைக்கு வேலையில் இருந்துகொண்டே பெருமாநல்லூர், செங்கப்பள்ளி, குன்னத்தூர் என்று ஒரு வட்டத்தைப் பிடித்து ஞாயிறுதோறும் சுற்றுங்கள். வெளிவேலைக்கு உங்கள் நியமனக் கடிதத்தில் தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாதவர்களுக்கு மூன்று கிரயம் முடித்து, இன்னும் இரண்டு அக்ரிமெண்டில் இருக்கும் நிலையில் ராஜினாமா எழுதலாம். ஆனியில் மட்டும் விலகாதீர்கள், முதல் மாதமே ஆடியாகிவிடும்.