சோங்கோ தாளம் வாசிக்கும்போது வலக்கால் ஏன் முதல் அடிக்கே ஓடுகிறது?

மூன்று மாதமாக ட்ரம் செட்டில் சோங்கோ என்ற கியூபா தாளத்தைப் பழகுகிறீர்கள், மெதுவாக வாசித்தால் வருகிறது, வேகம் கூடியதும் பெரிய ட்ரம்மை மிதிக்கும் வலக்கால் தானாக முதல் அடியில் விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். "எனக்குத் தாள உணர்வே இல்லையோ?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் பல வருடங்கள் மெல்லிசைக் குழுவிலோ தேவாலயத்திலோ வாசித்தவராக இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு இந்தக் கோளாறு இவ்வளவு பிடிவாதமாக வராது.

நான் பதினொரு வருடம் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தவன். 2014இல் சென்னை ஹோட்டல் ஒன்றில் சால்சா நடன மாலை. வழக்கமாக வாசிப்பவருக்குக் காய்ச்சல் என்று என்னை அழைத்தார்கள். கையில் இருந்தது இரண்டே நாள். சோங்கோவை எழுதி வைத்து மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கைகள் தவறவே இல்லை. ஆனால் இரண்டாவது பாட்டிலிருந்து பாஸ் கிதார் வாசித்த அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இடைவேளையில் தனியாக அழைத்துச் சொன்னார்: "தம்பி, நீங்கள் முதல் அடியை மிதித்தால் எனக்கு நிற்க இடம் இல்லை."

அன்று இரவு முழுவதும் அது உறுத்தியது. பிறகுதான் புரிந்தது. ஒரு சுற்றை எட்டாக எண்ணிப் பாருங்கள். கியூபா இசையில் பாஸ் கிதார் பெரும்பாலும் நான்கிலும் ஏழிலும் ஒலிக்கும், டும்பாவோ என்பார்கள். அந்த ஏழாவது எண்ணில் வருவது அடுத்த சுற்றின் கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கு, உரிய சுரம். முதல் அடி வருவதற்கு முன்பே பாட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. அங்கே நாம் 'தொம்' என்று மிதிப்பது, கிளம்பிவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் விசில் ஊதுவது போல. பதினொரு வருடம் அந்த முதல் அடியைத் தாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கால் வேறு எங்கே போகும்?

நான் சரிசெய்துகொண்ட விதம் இது. குச்சிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். தினமும் மாலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே 'தகிட தகிட தக' என்று சொல்வேன். மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. சில நாள் கழித்து முதல் 'த'வை மட்டும் வாய்க்குள் விழுங்கினேன். மிச்சம் நிற்கும் இரண்டு 'த'வும் சரியாக நான்கிலும் ஏழிலும் விழுகின்றன. வலக்கால் விழ வேண்டிய இடங்கள் அவைதான். அது பழகியபின் 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' என்று பதினாறுக்கு நீட்டி, ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் கைதட்டினேன். கிளாவே என்பது கியூபா இசையைத் தாங்கி நிற்கும் ஐந்தடித் தாள அமைப்பு. அதன் ஒரு வகையான சோன் கிளாவேயின் ஐந்து அடிகளும் அதில் இருக்கின்றன. இன்னொரு வகையான ரும்பா கிளாவே வேண்டுமானால் 'தகிட தகதிமி தகிட தக தகதிமி'. ஆறு வாரம் கழித்துத்தான் செட்டில் உட்கார்ந்தேன். கால் தானாக ஒதுங்கியது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். ஜதியும் கிளாவேயும் ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கியூபாவில் காப்பாற்றி வைத்த சொத்து அது. அங்கே அடிமைமுறை ஒழிந்ததே 1886இல்தான். அதன் மேல் உரிமை கொண்டாட எனக்கு எண்ணமில்லை. என் நாக்குக்குப் பழகிய சொற்களைக் கொண்டு எண்ணினேன், அவ்வளவே. மிருதங்கம் கற்காதவன் ஜதியைத் தொடலாமா என்று கேட்பவர்களிடமும் எனக்கு இதே பதில்தான்.

சோங்கோ பிறந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹவானாவில் 1969இல் பாஸ் கலைஞர் ஹுவான் ஃபோர்மெல் தொடங்கிய லோஸ் வான் வான் குழுவில் உருவானது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த ட்ரம்ஸ் கலைஞர் சாங்கிட்டோ, கையால் தட்டும் காங்காவும் குச்சியால் அடிக்கும் டிம்பாலேஸும் பேசுவதை ஒரே ஆளின் இரண்டு கைகளுக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் இதில் செட்டின் ஸ்னேர், டாம் என்ற இரண்டு ட்ரம்களும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் இருக்கும். இன்று உலகம் முழுக்க ட்ரம்ஸ் கற்பவர்களுக்கு அவர் பெயர் தெரியும். நம் மேடைகளில் என்ன நடக்கிறது? பாடுபவர் பெயருக்கு முன்னால் நான்கு பட்டம். கீபோர்டுக்காரருக்குக் கைதட்டல். ட்ரம்ஸ் வாசிப்பவன் 'மற்றும் குழுவினர்'. பதினொரு வருடத்தில் என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டது மூன்று முறை. செட்டை மூன்று மாடி தூக்கி ஏற்றியவனும் நான்தான். கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

உங்கள் காலுக்கு வருகிறேன். தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோநோமை நான்கு அடிக்கும் ஒலிக்க விட்டுப் பழகாதீர்கள். அந்த முதல் ஒலிதான் காலை இழுக்கிறது. சுற்றுக்கு ஒரு முறை மட்டும் ஒலிக்குமாறு வைத்து, அந்த ஒலியை நான்காவது எண்ணாக வைத்துக்கொண்டு வாசியுங்கள். முதல் வாரம் தலை சுற்றும். இடக்காலால் கிளாவே வாசிக்கும் கியூபா ட்ரம்ஸ் கலைஞர் ஒராசியோ எர்னாண்டஸின் காணொளிகளைப் பார்த்து அதையும் சேர்த்து முயன்றுகொண்டிருந்தால், தயவுசெய்து இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இடக்காலில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு போதும். பாஸ் கிதார் வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடித்து, வாரம் ஒரு மணி நேரம் அவரோடு மட்டும் வாசியுங்கள்.