டெங்கு போய் இரண்டு மாதம் ஆகியும் அசதி விடவில்லை. எப்படி மீள்வது?

பிளேட்லெட் ஏறிவிட்டது, காய்ச்சலும் இல்லை, ஆனாலும் குளித்துவிட்டுத் தலை துவட்டினாலே கை ஓய்ந்துபோகிறது, வீட்டில் சோம்பல் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் நவம்பர் மழையில் எனக்கும் டெங்கு வந்தது. உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த நாட்கள் அப்படியே கண் முன் வந்தன. இது சோம்பல் கிடையாது. அதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும், அப்புறம் வீட்டாரை நம்பவைக்கலாம்.

மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிளேட்லெட் 38 ஆயிரம் வரை இறங்கி மெல்ல ஏறியது. வீட்டுக்கு வந்து கஞ்சியும் இளநீருமாகக் கொஞ்ச நாள் படுத்திருந்துவிட்டு, மூன்றாவது வாரமே பள்ளிக்குப் போய்விட்டேன். இரண்டாவது பீரியட் வரை ஓடிவிடும். மூன்றாவதில் போர்டில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதும்போதே தூக்கிய கை தானாக இறங்கும். இடது பக்கம் என்ன எண் போட்டேன் என்பது மறந்துபோகும். பிள்ளைகளே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க மிஸ்" என்பார்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்து கூட இருந்தார். பாசமாகத்தான் சொன்னார்: "இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும். எழுந்து நாலு வேலையைப் பாரு, தெம்பு தன்னால வரும்." நானும் நம்பினேன். ஒரு சனிக்கிழமை காலை உடம்பு லேசாக இருந்தது. விட்டதைப் பிடித்துவிடலாம் என்று ஊறவைத்த அரிசியை அரைத்தேன், போர்வையெல்லாம் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன், சாயங்காலம் கடைவீதிக்கும் போய் வந்தேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கை கால் ஈயமாகக் கனத்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு. வாசலில் பால் பாக்கெட் கிடக்கிறது, குனிந்து எடுக்கத் தெம்பில்லை.

இதுபோல் மூன்று முறை ஆன பிறகுதான் ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் அன்று செய்த வேலை, வலது பக்கம் உடம்பு எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு மார்க். இரண்டு வாரத்தில் கணக்கு புரிந்துவிட்டது. திங்கட்கிழமை படுத்ததற்குக் காரணம் சனிக்கிழமையில் இருந்தது. செய்த வேலைக்கான அடி அரை நாளோ இரண்டு நாளோ கழித்து விழுவதுதான் இந்த அசதியின் குணம். அதனால்தான் நமக்கே பிடிபடுவதில்லை. அம்மா சொன்ன பழமொழி பொய்யில்லை. ஆனால் அடிமண் தெரிய இறைத்துவிட்டால் ஊற்றுக்கு நேரம் விட வேண்டும். விடியும் முன்னே மறுபடி வாளியை விட்டால் சேறுதான் வரும்.

அதிலிருந்து ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன். நல்ல நாளில், முடியும் என்று தோன்றுவதில் முக்கால் பங்கோடு நிறுத்திவிடுவது. மோசமான நாளில் ஓய்வெடுக்க யாரும் கற்றுத்தர வேண்டாம், உடம்பே படுக்கவைத்துவிடும். நல்ல நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம். தெம்பு இருக்கும்போதே போய் உட்கார மனசு வராது.

எத்தனை வேலை என்பதைவிட எப்படிச் செய்கிறோம் என்பதும் பெரிய விஷயம். காய் நறுக்குவதைத் தரையில் உட்கார்ந்து செய்தேன். குளிக்கப் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக்கொண்டேன். மாவரைக்கும் நாளில் துணி துவைப்பதில்லை. பள்ளியில் மாடி வகுப்பைக் கீழே மாற்றித்தரக் கேட்டேன், தலைமையாசிரியை சரி என்றார். மதிய இடைவேளையில் பேச்சில்லாமல் இருபது நிமிடம் கண்ணை மூடிக்கொள்வேன். பேசுவதும் திருத்துவதும் சுமை தூக்குவதைப் போலவே தெம்பைத் தின்னும் என்பதை அந்த நோட்டில்தான் பார்த்தேன். ஒரு கட்டுத் தேர்வுத்தாள் திருத்தினால் அடுத்த நாள் மார்க் பத்துக்கு மூன்றுதான்.

இதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் டெங்கு தலையில் போட்டுவிடாதீர்கள். நான் முதலில் பார்த்த டாக்டர் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துவிட்டு, நார்மல் என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். அடுத்து பார்த்தவர் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, கல்லீரல் எல்லாம் பார்க்கச் சொன்னார். எனக்கு ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழ் போனாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்க்காமல் இரண்டு மாதம் சாப்பிட்டதில் பாதி அசதி போனது. அந்தப் பாதியை நான் சும்மா சுமந்துகொண்டிருந்தேன். அந்த இரண்டாவது டாக்டர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடித்துடிப்பு, பிபி பார்த்தார். எழுந்தால் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் இதைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, கால் வீக்கம், திரும்பக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். டெங்கு சிலருக்கு இதயத் தசையையும் தொடும்.

வீட்டில் காட்ட ஒரு தகவல். ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரைச் சுற்றி, தொற்றுக்காய்ச்சல் வந்த 253 பேரைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதில் டெங்கு இல்லை. கொசுவால் பரவும், நம் சிக்குன்குனியாவுக்கு உறவான ராஸ் ரிவர் காய்ச்சல் இருந்தது. ஆறு மாதம் கழித்தும் சுமார் 12 சதவீதம் பேருக்கு அசதி விடவில்லை. அது யாருக்கு நீடித்தது என்று பார்த்தால், மனநிலையைவிடக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதே பெரிய காரணமாக இருந்திருக்கிறது. இதை என் கணவருக்குப் படித்துக்காட்டினேன். அன்றிலிருந்து இரவுப் பாத்திரம் அவர் பொறுப்பு.

நடைப்பயிற்சி செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பத்து நிமிடம் நடந்து பாருங்கள், அப்புறம் இரண்டு நாள் பொறுங்கள். உடம்பு அடிக்கவில்லை என்றால் கொஞ்சம் கூட்டலாம். படுக்கவைத்தால் அதை விட்டுவிடுங்கள். பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, நாள்பட்ட அசதி நோய் உள்ளவர்களுக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று பயிற்சியை ஏற்றிக்கொண்டே போகும் முறை வேண்டாம் என்கிறது. பெரும்பாலோருக்கு இந்த அசதி சில வாரங்களில் போய்விடும். உங்களுக்கு இன்னும் நீண்டால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். எனக்கு வாயால் சொன்னதைவிட அந்தப் பக்கங்கள்தான் கைகொடுத்தன.

மூன்றாம் மாதம் முடி கொத்தாகக் கொட்டலாம், பயப்படாதீர்கள். பெரிய காய்ச்சலுக்குப் பின் வருவதுதான், திரும்ப முளைக்கும். எனக்கு நெற்றி ஓரத்தில் குட்டி குட்டியாக வந்துவிட்டது. இப்போது ஏழாவது மாதம். நாலு பீரியட் நின்றே எடுக்கிறேன், ஐந்தாவதுக்கு நாற்காலி.