எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர் ராஸ்பெரி பையில் சென்சார், மோட்டார் இணைக்கப் பழகுவது எப்படி?

பைத்தான் ஓரளவு தெரியும், மின்சுற்று பக்கம் போனதில்லை, எடுத்த எடுப்பில் ஒரு மோட்டாரைச் சுழற்றிப் பார்க்க ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே ஆசைதான் இருந்தது. கியர் வைத்த சின்ன மஞ்சள் மோட்டார் ஒன்றின் ஒரு ஒயரை ராஸ்பெரி பை என்ற அந்தச் சின்னக் கணினியின் ஜிபிஐஓ பின்னிலும் (புரோகிராமால் ஆன், ஆஃப் செய்யக்கூடிய பின்) இன்னொன்றைக் கிரவுண்டிலும் (பூஜ்ய வோல்ட் பின்) செருகிவிட்டு புரோகிராமை ஓட்டினேன். மோட்டார் அசையவே இல்லை. அந்தப் பின்னும் அதோடு சரி, பிறகு ஒரு எல்ஈடியைக்கூட எரிக்கவில்லை.

ஒரு பின் தருவது 3.3 வோல்ட். மின்னோட்டம் அதிகபட்சம் 16 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும். அந்த மோட்டாரோ கிளம்பும்போதே சில நூறு மில்லியாம்பியர் இழுக்கும். அதனால் பின் கண்ணைக் காட்டட்டும், மூட்டையை வேறு ஆள் தூக்கட்டும். அந்த வேறு ஆள்தான் மோட்டார் டிரைவர், பின் சொல்வதைக் கேட்டு பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டு. பலரும் முதலில் வாங்குவது எல்298என் போர்டு. ஓடும், ஆனால் பழைய வடிவமைப்பு. தனக்கென்று சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 6 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 4 வோல்ட்தான். சின்ன மோட்டார்களுக்கு டிபி6612 நல்லது, இழப்பு மிகக் குறைவு.

டிரைவர் வாங்கிய பிறகும் எனக்கு இரண்டு மாலை நேரம் வீணானது. மோட்டாருக்குத் தனி பேட்டரி, பைக்குத் தனி சப்ளை, எல்லாம் புத்தகத்தில் போட்டிருப்பது போலவே. ஆனால் மோட்டார் ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் ஓடாது. புரோகிராமில் தப்பு என்று நினைத்து அதைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பேட்டரியின் மைனஸும் பையின் கிரவுண்டும் இணையவே இல்லை. 3.3 வோல்ட் என்றால் எதிலிருந்து 3.3? இரு பக்கத்துக்கும் பொதுவான பூஜ்யம் இல்லாவிட்டால் பை அனுப்புவது டிரைவருக்குப் புரியாது. ஒரே ஒரு கறுப்பு ஒயர் போட்டேன், சரியாகிவிட்டது.

ஆனால் உங்கள் முதல் நாள் மோட்டாருக்கானது இல்லை. ஒரு எல்ஈடி, 330 ஓம் ரெசிஸ்டர், அது போதும். அதிலேயே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஜிபிஐஓ 17 என்பது வரிசையில் 17-வது பின் இல்லை, 11-வது பின். 17-வதாக எண்ணிச் செருகினால் அது 3.3 வோல்ட் சப்ளை. புரோகிராம் எழுதுவதற்கு முன்பே எல்ஈடி எரியும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள், அப்புறம் என்ன செய்தாலும் அணையாது! டெர்மினலில் 'பின்அவுட்' (pinout) கட்டளையைக் கொடுத்தால் 40 பின்களும் படமாக வரும். அதைப் பார்த்துக்கொண்டே செருகுங்கள்.

அடுத்து ஒரு பட்டன். பிறகு தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சார். இதில்தான் நிறைய பேர் பையைக் காயப்படுத்துகிறார்கள். சென்சார் 5 வோல்ட்டில் ஓடும், அதன் எக்கோ பின்னும் 5 வோல்ட்டையே திருப்பி அனுப்பும், பையின் பின் அதைத் தாங்காது. எக்கோவிலிருந்து 1 கிலோஓம் வழியாக ஜிபிஐஓ பின்னுக்கு வாருங்கள், அந்த ஜிபிஐஓ பின்னில் சேரும் இடத்திலிருந்து 2 கிலோஓம் ஒன்றைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். பின்னுக்கு வருவது 3.3 ஆகக் குறைந்துவிடும்.

அளக்கும் விதம் எளிது. சென்சாரின் ட்ரிகர் பின்னை 10 மைக்ரோசெகண்ட் உயர்த்தினால் சென்சார் ஒலியை அனுப்பும். ஒலி போய்த் திரும்ப எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் எக்கோ உயர்ந்திருக்கும். 1 சென்டிமீட்டருக்குச் சுமார் 58 மைக்ரோசெகண்ட். பையில் ஓடும் லினக்ஸ் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டு வரும், அதனால் சில அளவுகள் எகிறும். ஐந்து முறை அளந்து வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஒரு தப்பான அளவு மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் சும்மா நிற்கும்போதே நடுங்குவதற்கும் பெரும்பாலும் இதே நேரத் தகராறுதான் காரணம். உங்கள் ஒயரிங்கைச் சந்தேகப்படாதீர்கள்.

வெளிச்சம், மண் ஈரம் என்று ஏறி இறங்கும் வோல்ட்டேஜாகச் சொல்லும் சென்சார்களைப் பை நேரடியாகப் படிக்காது. வோல்ட்டேஜை எண்ணாக மாற்றித் தரும் எம்சிபி3008 மாதிரி ஒரு சில்லு நடுவில் வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிரைவரும் சென்சாரும் தனித்தனியாக ஓடிய பிறகு சேர்த்து வண்டி கட்டுங்கள். முதல் ஓட்டத்தில் சக்கரம் எதையும் தொடாதபடி அடியில் ஒரு டப்பாவை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். நான் நேராக மேசை மேலேயே விட்டேன். எதிரே தடை தெரிந்தால் நில் என்று எழுதியிருந்தேன். மேசை விளிம்பில் சென்சாருக்கு எதிரே வெறும் காற்று, தடை ஏது? வண்டி சொன்னபடி போய்க்கொண்டே இருந்தது.