கோல்ப் கார்ட் முன்னைப்போல ஓடவில்லை, பற்றரி செட் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அளந்து பார்க்காமல் வேண்டவே வேண்டாம்.

"முந்தி ஒரு சார்ஜில் 30 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 12 தாண்டினாலே இழுக்குதில்லை, பார்க்க வந்தவர் ஆறு பற்றரியும் போச்சு, புது செட் போடுங்கள் என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வந்தவர் என்னத்தை வைத்து அளந்தார் என்று எழுதவில்லை. அளந்திருக்க மாட்டார், எனக்குத் தெரியும். எங்களிடம் வந்தவரும் சீற்றைத் தூக்கி ஒருமுறை பார்த்தார், மொத்த வோல்ட்டை மட்டும் எடுத்தார், விலை சொன்னார், தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார்.

நான் எஞ்சினியர் இல்லை. கிளிநொச்சியில் ட்ரக்டர், லான்ட்மாஸ்டர், லொறிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். படித்தவர்கள் வந்து பிழை பிடிக்கலாம், பிரச்சினை இல்லை, ஆனால் மீற்றரோடு வாருங்கள்.

வன்னியில் கோல்ப் மைதானம் எங்கே என்று சிலர் சிரிப்பார்கள். இல்லைதான். இரணைமடுப் பக்கம் ஒரு பெரிய தோட்டம், மாவும் தென்னையும், முதலாளி கனடாவில். தெற்கில் ஒரு ஹோட்டல் கழித்துவிட்ட கார்ட்டை வாங்கி அனுப்பினார், அங்கே வேலை செய்யும் வயதான ஆட்கள் உரமும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு போக. நல்ல சாமான். சத்தம் இல்லை, பெற்றோலுக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை. 2022 இல் கியூஆர் கோட்டைக் காட்டிக்கொண்டு ஊரே பெற்றோல் செட்டுக்கு முன்னால் காய்ந்த நேரத்தில் அந்தக் கார்ட்தான் தோட்டத்தை ஓட்டியது. பிறகு மெல்ல மெல்ல ஓட்டம் குறைந்து, குளக்கட்டு ஏற்றத்தில் ஆளை இறங்கித் தள்ளச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது.

உங்களுடையதும் தண்ணீர் ஊற்றுகிற ஈயப் பற்றரி என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் மூடியை எண்ணுங்கள். ஒரு பற்றரிக்கு நாலு மூடி என்றால் 8 வோல்ட், ஆறும் சேர்ந்து 48. மூன்று மூடி என்றால் 6 வோல்ட், மொத்தம் 36. கீழே நான் சொல்வதெல்லாம் 48 இன் கணக்கு.

இரவு முழுக்க சார்ஜ் பண்ணி, கழற்றி, சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அளந்தால் மொத்தம் 51 வோல்ட்டுக்குக் கிட்ட வரவேண்டும், ஒவ்வொன்றும் 8.5 க்குக் கிட்ட. கழற்றின கையோடு அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்ப வேண்டாம். சரி, இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நின்ற நிலையில் அளப்பது பாதிக் கதைதான். செத்துக்கொண்டிருக்கிற பற்றரியும் சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளை மாதிரி 8.3 காட்டும். சுமை கொடுத்தால்தான் அதன் உண்மை தெரியும்.

சுமை கொடுத்து அளக்கிற டிஸ்சார்ஜ் ரெஸ்ரர் எல்லாம் எங்களிடம் இல்லை. மீற்றர் வயர் இரண்டையும் நீட்டி, நுனியில் கிளிப் போட்டு, ஒரு பற்றரியில் கவ்வி, சீற்றுக்கு அடியால் வெளியே எடுத்து, மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். கார்ட் ஓட்டுகிற பொடியனிடம் "தம்பி, கட்டில ஏத்து, முழுசா மிதி" என்றேன். அதே ஏற்றம், அதே சுமை, ஒவ்வொரு பற்றரியாக கிளிப்பை மாற்றி மாற்றி. எல்லாம் 7.8, 7.9 இல் நின்றன. பின்பக்க மூலையில் இருந்ததில் கவ்வினவுடன் ஏற்றம் தொடங்கவே 6.2 க்கு விழுந்தது, இறக்கத்துக்கு வந்ததும் ஒன்றும் நடக்காதது போல 8 க்கு ஏறியது. பொடியன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, மீற்றர் பழுதோ?" என்றான். மீற்றர் பழுதில்லை. ஒரு மூடிக்குக் கீழே ஒரு செல், ஈயப் பற்றரியில் ஒரு செல் கிட்டத்தட்ட 2 வோல்ட், அந்த 2 வோல்ட்தான் காணாமல் போகிறது. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருப்பதால் ஒரே கரண்ட்தான் எல்லாவற்றுக்குள்ளாலும் போகவேண்டும், சோடி மாட்டில் ஒன்று நொண்டினால் மற்றது எவ்வளவு கொழுத்த மாடாக இருந்தும் வண்டி அந்த நொண்டியின் வேகத்தில்தான் போகும்.

அப்புறம் ஹைட்ரோமீற்றர். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை இருக்கும், ரப்பர் குமிழை அமத்தி அமிலத்தை உறிஞ்சிப் பார்க்கிற சாமான், விலை பெரிதில்லை, பழைய கராஜ் எல்லாவற்றிலும் கிடக்கும். 24 செல்லையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். முழு சார்ஜில் மிதவை காட்டும் அமில அடர்த்தி 1.265 இல் இருந்து 1.275 வரை வரவேண்டும். எங்கள் வெயிலுக்கு ஒரு சின்னத் திருத்தம் உண்டு, 27 பாகைக்கு மேல் ஒவ்வொரு 5, 6 பாகைக்கும் 0.004 கூட்டவேண்டும். அதைவிட முக்கியம், செல்லுக்குச் செல் உள்ள வித்தியாசம். 0.050 க்கு மேல் ஒரு செல் பின்னால் நின்றால் அதுதான் ஆள். எங்களுடைய மூலைப் பற்றரியில் மூன்று செல் பரவாயில்லை, நாலாவதில் மிதவை எழும்பவே இல்லை, அமிலமும் கலங்கிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. மூடிக்குள்ளே ரோச் அடித்துப் பார்த்தால் தகடுகளின் தலை தண்ணீருக்கு மேலே காய்ந்து வெள்ளை படிந்து கிடந்தது.

ஏன் அந்த ஒன்று மட்டும்? கைக்கு எட்டாத மூலை, வேறொன்றும் இல்லை. முன்னுக்கு உள்ளவற்றுக்கு எல்லாரும் தண்ணீர் ஊற்றுவார்கள், அதற்குச் சட்டத்துக்குக் கீழால் கையை மடக்கி விடவேண்டும். இன்னொரு விஷயம், ஊற்றுவது டிஸ்ரில்ட் வோட்டராக இருக்கவேண்டும். வன்னிக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். கேத்தலில் படிகிற அந்தச் சுண்ணாம்பை ஏன் பற்றரிக்குள் ஊற்றவேண்டும்? ஊற்றுவதும் சார்ஜ் முடிந்த பிறகுதான், சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் முதலே விடலாம்.

இங்கே ஒன்று சொல்லாமல் போகமுடியாது. முதலாளியின் மகன் கனடாவில் இருந்து வட்ஸ்அப்பில் வீடியோவுக்கு மேல் வீடியோ அனுப்பினார், குளிருக்குத்தான் பற்றரியின் ஓட்டம் குறைகிறது, கொட்டிலுக்குள் வைத்துச் சூடாக்குங்கள் என்று. தம்பி, இது கிளிநொச்சி, சித்திரை மாதம். அவர்களின் நாட்டுக்கு அது சரி, குளிரில் ஓட்டம் குறையும் என்பது உண்மைதான். எங்களுக்குப் பிரச்சினை மற்றப்பக்கம், சூட்டில் அன்றைய ஓட்டம் குறையாது, ஆயுள்தான் குறையும், தண்ணீரும் கெதியாக வற்றும். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி என்றாலே தடைசெய்த சாமான், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். எங்களுக்கு ஒரு பற்றரியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ரொறன்ரோவில் இருந்து வகுப்பு எடுக்கவேண்டியதில்லை. இந்த ஊருக்கு மிஷினைத் தருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். ரிப்பன் வெட்டுவார்கள், பெயர்ப்பலகை அடிப்பார்கள், படம் எடுப்பார்கள், ஆனால் ஒரு ஹைட்ரோமீற்றரோ ஒரு ஸ்பெயார் பெல்ட்டோ சேர்த்துத் தரமாட்டார்கள். ஒரு வருடத்தில் மிஷின் துருப்பிடிக்கும், பலகை மட்டும் பளபளவென்று நிற்கும். எத்தனை பலகை பார்த்துவிட்டோம். சரி, விடுவோம்.

பற்றரியோடு நிறுத்தவேண்டாம். பின்சில்லை ஜாக்கியில் தூக்கி, சீற்றுக்கு அடியில் ரன்/ரோ (RUN/TOW) என்று போட்டிருக்கும் சுவிட்சை ரோ பக்கம், அதுதான் கார்ட்டை இழுத்துக்கொண்டு போகும்போது போடுகிற பக்கம், மாற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்களுடையதில் ஒரு சில்லு அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. ட்ரம்மைக் கழற்றினால் கிறவல் ரோட்டுச் செம்மண் அடை அடையாகக் கொட்டியது, கேபிளும் துருப்பிடித்து இறுகியிருந்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓடினால் புது பற்றரி போட்டும் பிரயோசனம் இல்லை. ரயருக்கு 20 பிஎஸ்ஐ அளவில் காற்று இருக்கவேண்டும், ரயரில் போட்டிருப்பதையும் பாருங்கள். ஓடி முடிந்தவுடன் பற்றரி முனைகளைத் தொட்டுப் பாருங்கள், ஒரு முனை மட்டும் சுட்டால் அங்கே இறுக்கம் இல்லை அல்லது பூத்திருக்கிறது. அப்பச்சோடாக் கரைசலால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கலாம், மூடிகள் பூட்டியிருக்கும்போது மட்டும், சோடா உள்ளே போகக்கூடாது. மோதிரம், சங்கிலி கழற்றிவிட்டுச் செய்யுங்கள், சார்ஜ் போடும் இடத்தில் பீடி சிகரட் வேண்டாம், சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து வருவது ஹைட்ரஜன், நெருப்புப் பிடிக்கும்.

சார்ஜர் சார்ஜை முடிக்கிறதா என்பதையும் பாருங்கள். கடைசி நேரத்தில் மொத்தம் 60 வோல்ட்டுக்குக் கிட்டப் போகவேண்டும். எங்கள் தோட்டத்தில் நடந்தது, இரவில் தண்ணீர் மோட்டரையும் சார்ஜரையும் ஒன்றாகப் போட்டால் ரிப் சுவிட்ச் விழுகிறது என்று காவல்காரர் சார்ஜரைக் கழற்றிவிட்டு மோட்டரைப் போடுவார், விடியப் பொடியன் வந்து முழு சார்ஜ் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போவான். அரைச் சார்ஜிலேயே நாள் முழுக்க உழைத்தால் தகட்டில் சல்பேற் இறுகிவிடும், பிறகு இளகாது. அமெரிக்காவில் இருந்து வந்த பழைய பாரமான சார்ஜர் என்றால் அது 60 ஹேர்ட்ஸுக்குச் செய்ததா என்று பாருங்கள், எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அந்த ட்ரான்ஸ்போமர் வகை இங்கே ஒழுங்காக வேலை செய்யாது.

நாங்கள் செய்தது: பிரேக்கைச் சுத்தம் பண்ணினோம், மோட்டருக்கு வேறு லைன் இழுத்தோம், மூலைப் பற்றரியை மட்டும் மாற்றினோம். பழையதோடு புதிதைக் கலக்கக்கூடாது என்று இப்போது ஓடி வருவீர்கள், தெரியும். அதனால்தான் புதிது போடவில்லை, அதே வயதில், அளந்து பார்த்த ஒரு பாவித்த பற்றரி தேடிப் போட்டோம். முந்தைய 30 வரவில்லை, ஆனால் தோட்டத்து வேலை முடித்து வீடு வந்து சேருகிறது. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 தாண்டிய பிறகு ஒரு முழு செட்டின் விலை என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆறில் மூன்று, நாலு சுமையில் விழுந்தால், அல்லது எல்லா செல்லும் முழு சார்ஜிலும் 1.220 தாண்டவில்லை என்றால், அது வேறு கதை, அப்போது அந்த ஆள் சொன்னது சரி, செட்டை மாற்றத்தான் வேண்டும். லித்தியம் பற்றரி என்றால் நான் சொன்ன ஹைட்ரோமீற்றர் விஷயம் ஒன்றும் பொருந்தாது, பற்றரிக்குள்ளே அதைக் கண்காணிக்கிற பிஎம்எஸ் என்ற சாமானின் போன் அப்பில் செல் வோல்ட்களைப் பாருங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று வந்தாலும் பழைய ஆறையும் சும்மா கொடுத்துவிடாதீர்கள். எங்களிடம் வந்தவர் "பழசை நாங்களே இலவசமா ஏத்திக்கொண்டு போறம்" என்று பெரிய மனதோடு சொன்னார். அதற்குள் இருப்பது ஈயம், எடைக்கு நல்ல விலை போகும், எங்களுடையதில் ஐந்து இன்னும் ஓடுகிற பற்றரி. தராசில் வைத்து, புது செட்டின் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.