முள்ளெலி, ரெண்டு நாய், ஒரு பக்கெட்

அன்புள்ள அக்கா,
எங்க வீட்ல ரெண்டு நாய். நேத்து ராத்திரி தோட்டத்துல விடாம குலைச்சுதுங்க. டார்ச் அடிச்சு பாத்தா செடி ஓரமா ஒரு முள்ளெலி பந்து மாதிரி சுருண்டு கிடக்கு. பெரியவன் மூக்குல ரத்தம், சின்னவன் முன்னங்காலால தட்டிட்டே இருக்கான். பதட்டத்துல அத பக்கெட்ல அள்ளிப் போட்டு தூரமா இருக்கற புதர்ல விட்டுட்டு வந்துட்டேன். அது அசையவே இல்ல. செத்திருக்குமோன்னு தூக்கம் வரல. நான் செஞ்சது சரியா?

தம்பி,
அசையலங்கறத வச்சு பயப்படாதீங்க. தோலோட விளிம்ப சுத்தி ஒரு தசை இருக்கு, சுருக்குப்பை வாய இழுக்கற மாதிரி அத இறுக்கினா முகம் காலு வயிறு எல்லாம் உள்ள போயிடும், வெளிய முள்ளு மட்டும்தான், ஐரோப்பா வகைக்கு 5000த்துக்கு மேல. ஆபத்து போயிடுச்சுன்னு தோணுற வரைக்கும் அப்படியே கிடக்கும்.

எங்க நாயும் ஒரு தடவ இப்படி பிடிச்சு வச்சுது. நாய உள்ள போட்டு கதவ சாத்திட்டு, லைட்ட அணைச்சுட்டு படில உக்காந்தேன். ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல, புஸ் புஸ்னு மூச்சு மட்டும், ஒவ்வொரு மூச்சுக்கும் முள்ளெல்லாம் லேசா எழும்பி அடங்குது. அப்புறம் முன்பக்கம் கொஞ்சமா விரிஞ்சு ஈரமான கறுப்பு மூக்கு நுனி வெளிய வந்து நடுங்குச்சு, நெத்தி முள்ள இன்னும் கண்ணு மேல இழுத்து விட்டபடியேதான் இருந்துச்சு. திடீர்னு எழுந்து நடந்தே போயிடுச்சு.

அதனாலதான் சொல்றேன், நகர்த்த வேண்டியது நாயத்தான், முள்ளெலிய இல்ல. தூரமா விட்டது தப்புதான் தம்பி. தங்குற குழி, இரை தேடற வழி எல்லாம் அதுக்கு இங்கதான் தெரியும், ஒருவேளை அது பெட்டையா இருந்து குட்டி போட்டிருந்தா இன்னும் மோசம், குட்டிக்கு கண்ணு தொறக்கவே கிட்டத்தட்ட 2 வாரம் ஆகும், அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் தாய்ப்பால் வேணும். இன்னிக்கு இருட்டினதும் அந்த புதர்ல போய் பாருங்க, இருந்தா கனமான கையுறை போட்டு எடுத்துட்டு வந்து அதே செடி ஓரத்துல விடுங்க. காயம் தெரிஞ்சாலோ பகல்ல வெட்டவெளில கிடந்தாலோ காட்டுயிர் மீட்கறவங்கள கூப்பிடுங்க. பால் மட்டும் வைக்காதீங்க, அதுக்கு வயித்தால போகும், தட்டுல தண்ணி போதும்.

பெரியவனுக்கு வருவோம். முள்ளம்பன்றி முள்ளு மாதிரி இது கழண்டு குத்தி நிக்காது, ஆனா சின்ன ஓட்டையா ஆழமா குத்தும். மூக்கு, உதட்டு உள்பக்கம், பாதம் எல்லாம் நல்லா வெளிச்சத்துல பாத்து தண்ணி விட்டு கழுவுங்க. கடி பட்டிருக்கலாம்னு லேசா சந்தேகம் வந்தாலும் ரேபிஸ் ஊசி போட்ட தேதிய எடுத்துக்கிட்டு இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க, இதுல தள்ளிப் போடவே கூடாது. திட்டாதீங்க அவன, மோப்பம் பிடிச்சு துரத்தறது அவன் ரத்தத்துல இருக்கு. ராத்திரி கடைசியா வெளிய விடும்போது மட்டும் கயிறு போட்டு நீங்களும் கூடப் போங்க.

புதர்ல பாத்துட்டு எழுதுங்க தம்பி, எனக்கும் அதே கவலையாத்தான் இருக்கு.